‘என்ன ஆச்சு?’ என்று கேட்காமல்: பிள்ளைகளோடு படமும் கவிதையுமாக உட்காரப் போகிறவர்களுக்கு

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாரத்துக்கு ஒரு நாள் படம், கவிதை என்று உட்கார நினைக்கும் புது ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளையும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வரையத் தெரிய வேண்டாம், யாப்பு தெரிய வேண்டாம். நீங்கள் செய்யப் போவது சிகிச்சையும் அல்ல. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். வாயால் சொல்ல முடியாததை ஒரு பிள்ளை தாளில் இறக்கி வைக்க இடமும் நேரமும் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முகம் வாடியிருக்கிற பிள்ளையைப் பார்த்ததும் நமக்கு வாயில் வருவது, “என்ன ஆச்சு? ஏன் ஒரு மாதிரி இருக்கே?” பதிலும் நமக்குத் தெரியும்: “ஒண்ணுமில்ல மிஸ்.” நாலு முறை இப்படிக் கேட்டால், அடுத்த முறை நம்மைப் பார்த்ததும் சிரித்து வைக்கப் பழகிக்கொள்வார்கள். அதனால் உணர்ச்சியைக் கேட்காதீர்கள். ஒரு பொருளைக் கேளுங்கள். செருப்பு, பாய், மழை, வண்டிச் சத்தம், எதுவாகவும் இருக்கட்டும். அந்தப் பொருளுக்குப் பின்னால் நின்றுகொண்டு பிள்ளை தன்னால் முடிந்த அளவு பேசும், முடியாதபோது நிறுத்திக்கொள்ளும். கீழே சொல்லும் எல்லாப் பயிற்சிக்கும் இதுதான் அடிப்படை.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் 1942 முதல் 1944 வரை யூதப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். ‘முகாமை வரை, பசியை வரை’ என்று அவர் கேட்கவில்லை. தாளம் தட்டி அதன்படி கோடு போடச் சொன்னார், பூக்களை வரையச் சொன்னார், அலுவலகத்துப் பழைய படிவத் தாள்களைக் கிழித்து ஒட்டச் சொன்னார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். மாணவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் ஏறத்தாழ 4,500 படங்கள் ப்ராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில், மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து, களிமண், வண்ணம், கதை, நாடகம் என்றுதான் போனார்கள்.

உள்ளே போவதற்கு முன்

வெளியாள் என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வகுப்பு ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். யார் வீட்டில் சாவு, யார் பாட்டியோடு வளர்கிறார்கள், யாருடைய அப்பா வெளிநாட்டில் என்று அவருக்குத்தான் தெரியும். அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், வகுப்பில் காட்டிக்கொள்ளாதீர்கள். எந்தப் பிள்ளையோடும் கதவைச் சாத்திய அறையில் தனியாக உட்காரக் கூடாது. வராந்தாவோ மரத்தடியோ போதும். மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது.

ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால் நல்லது. நாற்பது பேரையும் ஒன்றாக உட்காரவைத்தால் அது ஓவியப் போட்டியாகிவிடும். ஒரு பீரியட் போதாது. அடுத்தடுத்து இரண்டு பீரியட் கேளுங்கள். பி.டி. பீரியடை மட்டும் வாங்காதீர்கள், பிள்ளைகள் உங்களை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நேரமும் வேண்டாம். மனத்தைக் கிளறிவிட்டு அனுப்பினால், திங்கள் காலைவரை அந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்யும்? செவ்வாய், புதன் வசதி: மறுநாள் வகுப்பில் முகத்தைப் பார்த்துவிடலாம்.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. ஒரு சார்ட்டை நான்காக வெட்டிய துண்டுகள், பழைய செய்தித்தாள், பசை, கொஞ்சம் களிமண், 12 நிற ஆயில் பேஸ்டல் பெட்டிகள். கலர் பென்சிலைவிட ஆயில் பேஸ்டல் நல்லது. பென்சிலைக் கையில் எடுத்ததும் பிள்ளை அழகாக வரைய ஆரம்பித்துவிடும். பேஸ்டல் அழுத்தினால் உடையும், தேய்த்தால் பரவும், கையெல்லாம் ஒட்டும், அழகுக்கு இடம் கொடுக்காது. கறுப்பும் சிவப்பும் கூடுதலாக வாங்கி வையுங்கள், அவைதான் முதலில் தீரும். ரப்பரையும் ஸ்கேலையும் பைக்குள் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் கேள்வி, “மார்ஜின் போடட்டுமா மிஸ்?” என்றுதான் வரும்.

முதலில் சொல்ல வேண்டியவை

தொடக்கத்திலேயே, பேச்சு வழக்கில், சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். “இதுக்கு மார்க் கிடையாது. எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன். பிடிக்கலைன்னா சும்மா உக்காந்திருக்கலாம். நீங்க காட்டினாத்தான் நான் பார்ப்பேன்.” அடுத்து வருவதுதான் முக்கியம்: “ஆனா ஒண்ணு. யாராவது உங்களைக் காயப்படுத்துறாங்க, தப்பாத் தொடுறாங்க, இல்ல உங்களையே நீங்க காயப்படுத்திக்கத் தோணுதுன்னு எனக்குத் தெரிஞ்சா, அதை ரகசியமா வெச்சுக்க மாட்டேன். உங்களுக்கு உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டயும் சொல்லுவேன்.”

‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு சொல்ல நேர்ந்தால் அந்தப் பிள்ளை பெரியவர்கள் யாரையும் அடுத்து நம்பாது. அந்த வாக்குறுதியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

முதல் வாரம்: கிறுக்கல்

‘உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்’ என்று சொன்னால் என்ன வரும் என்று தமிழ்நாட்டில் படித்த எல்லாருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, தென்னை மரம், ஆறு, வானத்தில் டிக் அடித்தாற்போலப் பறவைகள். அதைத் திட்டாதீர்கள். தப்பில்லாமல் வரையக்கூடிய ஒரே படம் என்று பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதனால் முதல் வாரம் உருவம் எதுவும் வேண்டாம். பழக்கமில்லாத கையால் பேஸ்டலைப் பிடித்து, நீங்கள் மேசையில் தட்டும் தாளத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். மெதுவாக, வேகமாக, திடீரென்று நிறுத்தி. பிறகு சத்தங்களைக் கோடாக்கச் சொல்லுங்கள்: குக்கர் விசில், பள்ளி மணி, பக்கத்து வீட்டுச் சண்டை, யாரும் பேசாத சாப்பாட்டு நேரம். கடைசி இரண்டையும் மற்றவற்றோடு சாதாரணமாகக் கலந்து சொல்ல வேண்டும், குரலை இறக்காமல்.

மலையும் சூரியனும் வரைந்தே தீருவேன் என்கிற பிள்ளையிடம், “வரை. இன்னிக்கு அந்த ஊர்ல வானிலை எப்படி?” என்று மட்டும் கேளுங்கள். போன வாரம் வெயில் அடித்த அதே மலையில் இந்த வாரம் மழை கொட்டும். மாற்றம் அங்கேதான் தெரியும்.

இரண்டாம் வாரம்: உடம்பு

எப்படி இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் ‘கஷ்டமா இருக்கு’, ‘கடுப்பா இருக்கு’, ‘ஒரு மாதிரி இருக்கு’. அதற்கு மேல் சொல் கிடைக்காது. ஆனால் உடம்பைக் கேட்டால் மடமடவென்று வரும்: நெஞ்சு அடைக்குது, வயித்தைப் பிசையுது, தொண்டையில என்னமோ நிக்குது, காது சூடாகுது, கை சில்லுனு ஆகுது.

சார்ட்டில் ஒரு ஆள் உருவத்தை வெளிக்கோடாக மட்டும் வரைந்து கொடுங்கள். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். ‘ரிசல்ட் சொல்லப் போறாங்க. அந்த ஆளுக்கு எங்கே என்ன ஆகுது? அந்த இடத்துக்கு நிறம் கொடு.’ அடுத்து, ‘எல்லார் முன்னாடியும் ஒருத்தர் அவனைக் கேலி பண்ணிட்டார்.’ பிறகு, ‘வீட்டுக்குப் போறான், கதவு பூட்டியிருக்கு.’ ‘அவன்’ என்றே பேசிக்கொண்டு போங்கள். “அவனுக்கு வயித்துல பச்சை” என்று ஆரம்பிக்கிற பிள்ளை, பாதியிலேயே “எனக்கு” என்று மாறிவிடும். மாறாவிட்டாலும் சரி. அகப்பாட்டில் யாரையும் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. வகுப்பறைக்கும் அந்த விதி நன்றாகவே பொருந்துகிறது.

இந்த வாரத்தில் கோபம் கொப்பளிக்கிற பையன்கள் சிலர் தாளைக் கிழிப்பார்கள். அவர்களிடம் செய்தித்தாளையும் களிமண்ணையும் கொடுங்கள். கிழிக்கலாம், பிசையலாம், மேசையில் ஓங்கி அறையலாம். கிழித்த துண்டுகளை ஒட்டி ஏதாவது செய்ய விரும்பினால் செய்யட்டும்.

மூன்றாம் வாரம்: ஒரு பொருள் பேசுகிறது

கவிதை இங்கேதான் உள்ளே வருகிறது. ‘கவிதை எழுது’ என்றால் ‘அம்மா என்றால் அன்பு’ என்று ஆரம்பிப்பார்கள், அல்லது சினிமாப் பாட்டு மாதிரி எதுகை தேடி அலைவார்கள். கவிதை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ‘வீட்டில் இருக்கிற ஒரு பொருளை வரை. அது பேசினா என்ன சொல்லும்? நாலஞ்சு வரி எழுது. வீட்டுல பேசுற மாதிரியே எழுது.’ இந்தக் கடைசி நிபந்தனையை விடாதீர்கள். பரீட்சைத் தமிழில் யாரும் அழுததில்லை.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி ஒன்றை வரைந்தான். பெடல், கேரியர், கண்ணாடியில் விரிசல், பெட்ரோல் மூடியில் கட்டிய துணிவரை எல்லாம் இருந்தது. ஆள் மட்டும் இல்லை. நடந்த பேச்சு இவ்வளவுதான்:

“வண்டி எங்க நிக்குது?”

“கடை வாசல்ல சார்.”

எந்தக் கடை என்று கேட்கக் கூடாத இடம் இது. நம் ஊரில் அப்படிச் சொன்னால் எந்தக் கடை என்று எல்லாருக்கும் தெரியும். “சரி, வண்டி பேசினா என்ன சொல்லும்?” என்றதும் எழுதினான்:

நான் எக்ஸ்எல்.
ராத்திரி பத்துக்குதான் வீட்டுக்கு வருவேன்.
என் சத்தம் கேட்டதும் லைட்டை அணைப்பாங்க.
ஆஃப் பண்ணுன பிறகும்
கொஞ்ச நேரம் சூடாவே இருப்பேன்.

அப்பா என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ‘அப்பாவைப் பற்றி எழுது’ என்று கேட்டிருந்தால், ‘என் அப்பா நல்லவர், எனக்கு எல்லாம் வாங்கித் தருவார்’ என்று வந்திருக்கும். அதுவும் பொய்யாக இருந்திருக்காது.

எழுதத் தடுமாறுகிற பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஒரு சொல்லையும் திருத்தாமல். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, “இப்படித்தானே சொன்னே?” என்று கேளுங்கள். தன் பேச்சு எழுத்தாக நிற்பதைப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு அதுவே முதல்முறை.

நான்காம் வாரம்: அப்போ, இப்போ

இழப்பைப் பேச இதைவிடச் சுலபமான வடிவம் எனக்குத் தெரியாது. புறநானூற்றின் 112ஆம் பாடலில் பாரியின் பெண்கள் செய்தது இதையே. போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. ஐந்தே வரி. துக்கம் என்றோ கண்ணீர் என்றோ ஒரு சொல் கிடையாது. பாடலை வகுப்பில் கதையாகச் சொல்லுங்கள், பொருள் விளக்கம் நடத்தாதீர்கள். அப்புறம் ‘அப்போ’ ஒரு வரி, ‘இப்போ’ ஒரு வரி. அக்கா மில் விடுதிக்கு வேலைக்குப் போன வீட்டுப் பெண் எழுதினாள்:

அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே பாய்.
இப்போ பாய் முழுசும் எனக்குத்தான்.
அப்போ கதவோரம் அவ படுப்பா.
இப்போ கதவோரம் யாருமில்ல.

வீடு மாறியது, ஆடு விற்றது, தோழி டி.சி. வாங்கிப் போனது, தாத்தா செத்தது, அம்மா தனியாக வந்துவிட்டது எல்லாம் இதற்குள் அடங்கும். சின்ன இழப்பை எழுதுகிற பிள்ளையிடம் ‘இதெல்லாம் ஒரு கஷ்டமா’ என்கிற பார்வை நம் முகத்தில் வந்துவிடக் கூடாது. இந்த வடிவத்தை முதல் வாரமே எடுத்துவிடாதீர்கள். நம்பிக்கை வராத வகுப்பில் இது வெறும் இலக்கணப் பயிற்சியாகப் போய்விடும், அல்லது ஒரு பிள்ளை எல்லார் முன்னாலும் உடைந்துவிடும். அழுகிற பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் சேரவிடாமல் பக்கத்தில் உட்காருங்கள்; தண்ணீர் கொடுங்கள்; ‘அழாதே’ என்று சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு வாரமும் கடைசிப் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள். கனமானதை எழுதியதும் மனம் லேசாகிவிடும் என்பது பாதி உண்மைதான். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை அழுத்திய அனுபவங்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய கல்லூரி மாணவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனநிலை மோசமாகத்தான் இருந்தது. நன்மை பின்னால்தான் தெரிந்தது. அதனால் பிள்ளைகளை எழுதிய நிலையிலேயே மணியடித்து அனுப்பாதீர்கள். குலைகுலையா முந்திரிக்கா ஒரு சுற்று விளையாடிவிட்டு அனுப்புங்கள்.

பார்த்ததும் என்ன சொல்வது?

‘சூப்பர்’, ‘வெரிகுட்’ இரண்டையும் மறந்துவிடுங்கள். ஒரு சோகத்துக்கு ‘சூப்பர்’ என்றால், அடுத்த வாரம் இன்னும் பெரிய சோகத்தைத் தயார்செய்துகொண்டு வருவார்கள். எதை எழுதியதோ அதிலிருந்து ஒரு வரியைத் திரும்பச் சொன்னால் போதும்: “‘கொஞ்ச நேரம் சூடாவே இருப்பேன்’னு எழுதியிருக்கே.” அதற்குப் பின் காத்திருங்கள். பிள்ளை தொடர்ந்தால் கேளுங்கள். பேஸ்டலை எடுத்து அடுக்க ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

படத்தைப் பார்த்து ஜாதகம் கணிப்பதுபோல் பலன் சொல்லாதீர்கள். கறுப்பு நிறம் என்றால் மனச்சோர்வு, வீட்டுக்குக் கதவில்லை என்றால் இன்னது என்று இணையத்தில் கிடைப்பதை நம்ப வேண்டாம். கறுப்பு நன்றாகப் படிகிறது என்பதற்காகவே எடுப்பார்கள். கத்தியும் ரத்தமும் பாதி நேரம் நேற்றுப் பார்த்த சினிமா. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் அலையை வரைந்தார்கள். வரையாமல் என்ன செய்வார்கள்? கவனிக்க வேண்டியது வேறு. ஒரே காட்சி வாரக்கணக்கில் ஒரு கோடுகூட மாறாமல் வருவது, வரைந்து முடித்த பின் முகம் இன்னும் இறுகிப்போவது, சாப்பாடும் தூக்கமும் விளையாட்டும் குறைந்திருப்பது. இவை தெரிந்தால் தலைமை ஆசிரியர் வழியாக ஆலோசகரிடம் கொண்டுபோங்கள்.

உடனே செயல்பட வேண்டிய நேரம்

“நான் இல்லைன்னா எல்லாருக்கும் நல்லது” என்பது போல ஒரு வரி வந்தால் அதைக் கவிதை என்று கடந்துபோகாதீர்கள். அன்றே அந்தப் பிள்ளையிடம் நேராகக் கேட்கலாம்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098 இரவு பகலாக எடுக்கிறார்கள். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. மூன்றையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது.

பாலியல் கொடுமை என்று ஒரு பிள்ளை சொன்னாலோ, எழுத்தில் தெரிந்தாலோ, விசாரணை உங்கள் வேலை இல்லை. ‘யார், எப்போ, எத்தனை தடவை’ என்று துருவாதீர்கள். ‘மறுபடி வரைந்து காட்டு’ என்று கேட்கவே கூடாது. “சொன்னது நல்லது. உன் மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டு, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். தாளைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று கிளம்பாதீர்கள், கொடுமை செய்தவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, இப்படி ஒன்று நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ யாராக இருந்தாலும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைக்குரிய குற்றம். ‘பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வந்துடும், நமக்குள்ள பேசிக்கலாம்’ என்று யாராவது சொல்வார்கள். அப்போது பிரிவு எண்ணோடு பேசுங்கள், பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

போட்டோ, சுவர், வாட்ஸ்அப்

எவ்வளவு நல்ல முயற்சியும் கெட்டுப்போவது இங்கேதான். நடந்ததற்கு ஆதாரம் வேண்டும், குரூப்பில் படம் போட வேண்டும், ஆண்டு விழாவில் கண்காட்சி வைக்க வேண்டும். கேட்கிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு மேலேயும் யாரோ கேட்கிறார்கள். முதல் நாளிலிருந்தே இரண்டு தாள் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காட்டுகிற தாள்: தாளத்துக்குப் போட்ட கோடுகள், சத்தங்களின் படம், அழகான மலைகள். இன்னொன்று காட்டாத தாள். எது எதில் போக வேண்டும் என்று பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும். போட்டோவுக்குப் பேஸ்டல் படிந்த கைகளும் குனிந்த தலைகளும் போதும். ‘பெயரை மறைத்துவிட்டுப் போடுகிறோம்’ என்றாலும் காட்டாத தாளைக் கொடுக்காதீர்கள். விரிசல் விட்ட கண்ணாடியோடு ஒரு எக்ஸ்எல்லை அந்த ஊரில் எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

காட்டாத தாள்களை ஆளுக்கொரு பிரவுன் கவரில் போட்டு, பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். கவர் மேல் பெயருக்குப் பதில் பிள்ளையே போட்ட ஓர் அடையாளம் இருக்கட்டும். எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுங்கள். கிழித்துப் போட நினைத்தால் கிழிக்கட்டும், காரணம் கேட்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால், “வீட்டுல யாராவது பார்த்தா பரவாயில்லையா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முன் எல்லாக் கவர்களையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் வாங்காமல் மிஞ்சியதை நீங்களே உட்கார்ந்து பொடிப்பொடியாகக் கிழித்து நனைத்துப் போடுங்கள். விடுமுறையில் அலமாரியைச் சுத்தம் செய்கிறவர்கள் அதைப் பழைய விடைத்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டால், அடுத்த வாரம் அதே ஊர் டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்க வந்துவிடும்.